புகையிலையிற் புதுமை கண்டவர்

பிரின்ஸ்டன் என்றதும் ஐன்ஸ்டைனின் பெயரே நம் நினைவுக்கு வரும். எடிசனுக்கு அண்மையிலுள்ள அவ்வூரில், அதே காலத்தில், நோயுற்ற புகையிலையை ஆராய்ந்து பேருண்மை கண்ட மற்றோர் அறிஞரும் இருந்தார். அவரே வெண்டெல் மெரிடித் ஸ்டான்லி.

அவர் 1904ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் இந்தியானா மாநிலத்து ரிட்ஜ்வில் என்னும் சிற்றூரிற் பிறந்தார். கல்லூரியில் அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரராக விளங்கி, பயிற்றுநராக விரும்பியிருந்தவரை இரசாயனவியல் தன்பால் ஈர்த்தது. 1929இல் இலினோய் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார்; 1932இல், பிரின்ஸ்டனில் அந்நாளில் இயங்கிய ராக்பெல்லர் ஆய்வுநிலையத்திற் பணியேற்றார்.

யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்த நாம், இலை வாடினால் கமக்காரர் முகமும் வாடுவதை அறிவோம். அப்பயிரின் பகைகளுள் ஒன்று தேமல் நோய். இலையில் வெளிர்பச்சைத் திட்டுகள் படரும், செடி குறுகும். பற்றீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்து செல்லும் அந்நோயின் வைரஸ் யாதென எவரும் தெளியவில்லை. ஸ்டான்லி ஏறத்தாழ ஒரு தொன் செடிகளின் சாற்றைப் பிரித்து, 1935இல் ஒரு கரண்டியளவு ஊசிவடிவப் பளிங்குகளைப் பெற்றார். உப்பைப்போல் அசைவற்றுக் கிடந்த அவற்றைக் கரைத்து இலையில் தேய்த்ததும் நோய் மீண்டும் தோன்றியது! உயிருள்ளதற்கும் உயிரற்றதற்கும் இடையிலிருந்த வேலி ஆட்டங்கண்டது. இதற்காக 1946இல் நொபெல் பரிசை நோர்த்ரொப், சம்னர் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

அப்பளிங்கு புரதமே என்று அவர் கருதினார். மறுவருடமே இங்கிலாந்தின் போடனும் பிரீயும் அதில் ஆர்.என்.ஏ.யும் உண்டெனக் காட்டினர். நோயை விளைவிப்பது அந்த ஆர்.என்.ஏ.யே என்பதை 1956இல் மெய்ப்பித்தவர்களுள், ஸ்டான்லி பெர்க்லியில் நிறுவிய ஆய்வுக்கூடத்தவரும் இருந்தனர்.

1971இல் ஸ்டான்லி ஸ்பெயினிற் காலமானார். அந்த வைரஸ் செடியினுள் பரவும் வழி 1980களிலேயே தெளிவாகத் தொடங்கியது. தாவரக் கலம் ஒவ்வொன்றும் சுவருடையது. அச்சுவர்களை ஊடறுத்து, கலத்துக்குக் கலம் உணவும் செய்தியும் செல்ல நுண்வழிகள் உண்டு. வைரஸின் ஆர்.என்.ஏ. புகுவதற்கு அவை மிகக் குறுகியவை. ஆதலால் வைரஸ், தான் புகுந்த கலத்தைக் கொண்டே ஒரு புரதத்தை ஆக்குவித்து, அதன் துணையால் வழியை விரித்து அயற்கலத்தை அடைகிறது. உணவு செல்லும் குழாயை எட்டியதும் வெல்லத்தோடு கலந்து இளந்தளிர்களுக்குப் பயணமாகிறது. அங்கே பச்சையவுருமணிகள் கெட, செடியின் உணவாக்கம் குன்றுகிறது. செடி தனக்காக அமைத்த வழியே பகைவனுக்கும் வழியாகிறது.

மாணவச் செல்வங்களே, ஸ்டான்லியின் முடிவில் ஒரு பகுதி பிழைத்தது. அவர் திறந்த வாயில் பிழைக்கவில்லை. அதனூடாகப் பிறர் நெடுந்தூரம் சென்றனர். இன்னும் செல்லவேண்டிய தூரம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.