மிருதங்கத்தின் மேல் மணல் தூவியவர்

மலர்க் குழு நண்பர்கள் இந்தத் தடவை விஞ்ஞானி ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். சர் சி.வி. ராமன் என்றேன். ஒளிச் சிதறல்தானே, அதைப் பள்ளிக்கூடத்திலேயே படிச்சாச்சே என்று இழுத்தார்கள். ஒளி இல்லைய்யா, ஒலி என்றேன். நான் திருவொற்றியூரில் ஹெட்போன் செய்து பிழைத்தவன். ஒரு சமயம் என் வேலை போகாமல் காப்பாற்றியது ராமனுடைய ஒலி ஆராய்ச்சிதான்.

1888 நவம்பர் 7-ஆம் தேதி திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தகப்பனார் சந்திரசேகரன் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர், வயலினும் வாசிப்பார். ஆக, வீட்டிலேயே பௌதிகமும் இருந்தது, வாத்தியமும் இருந்தது. 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தபோது பையனுக்கு வயது பதினான்கு. அந்த வயசில் நாமெல்லாம் ராயபுரம் மேம்பாலத்து அடியில் கோலி ஆடிக்கிட்டிருந்தோம். 1904-இல் பி.ஏ., 1907-இல் எம்.ஏ. மேல்படிப்புக்குச் சீமைக்கு அனுப்பலாமென்று ஆசிரியர்கள் நினைத்தார்கள். இந்த உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது என்று சென்னை சிவில் சர்ஜன் கையை விரித்துவிட்டார். ராமன் நிதித்துறைப் பரீட்சை எழுதித் தேறி, லோகசுந்தரி அம்மாளை மணந்துகொண்டு, அதே 1907-இல் கல்கத்தாவுக்குக் கணக்கு அதிகாரியாகப் போனார். அந்த அம்மாள் வீணை வாசிப்பவர்.

இங்கேதான் எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது. பகலெல்லாம் சர்க்கார் கணக்கு. விடியற்காலையிலும் ஆபீஸ் விட்ட பிறகும் பௌபஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் தொடங்கிவைத்த விஞ்ஞானச் சங்கத்துக் கூடத்தில் ஆராய்ச்சி. பெரிய கருவி எதுவும் கிடையாது. கம்பி, நரம்பு, தோல், வில் இவற்றை வைத்தே ஒலியைத் துருவிப் பார்த்தார். ஏக்தாரா, வயலின், வீணை, தம்பூரா ஒன்றையும் விடவில்லை. மனுஷன் கை ஒரே சீராக வில் போடாது என்று, வில்லை அசையாமல் பிடித்து வயலினை முன்னும் பின்னும் நகர்த்தும் இயந்திரமே செய்தார். 1917-இல் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று சர்க்கார் உத்தியோகத்தை உதறிவிட்டுக் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் ஆனார்.

இனி மிருதங்கத்துக்கு வருகிறேன். வளையத்தில் இழுத்துக் கட்டிய சாதாரணத் தோலைத் தட்டினால் அடிச் சுருதியோடு கூடவே வேறு சுருதிகளும் எழும். அடிச் சுருதி 1 என்றால் மற்றவை 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் வரும். அதனால்தான் வெறும் தோல் டம்டம் என்று இரைகிறது, பாடுவதில்லை. நம் மிருதங்கத்தின் வலந்தலையில், நடுவே கருப்பாகச் சோறு வைத்திருப்பார்களே, அதைக் கவனித்தார் ராமன். கல்பொடியைச் சோற்றோடு பிசைந்து, சுற்றுச் சுற்றாக அப்பி, ஒவ்வொரு சுற்றையும் தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிற கனம் அது. அந்தக் கனம் துணைச் சுருதிகளை இழுத்துக்கொண்டு வந்து 1, 2, 3, 4, 5 என்று ஒழுங்காக நிறுத்திவிடுகிறது. 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் இதை எழுதினார். 1934-இல் விரிவாக இன்னொரு கட்டுரை. தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவித் தட்டினால், அதிராத இடத்தில் மணல் போய்க் கோடாக ஒதுங்கும். ஒரு சுருதிக்குக் குறுக்கே ஒரே கோடு, இன்னொன்றுக்கு இரண்டு கோடு, வேறொன்றுக்கு வட்டம்.

நம் கல்லூரியில் எங்கள் பௌதிக ஆசிரியர் திருவொற்றியூர் தேரடிப் பக்கத்திலிருந்து ஒரு மிருதங்கத்தை இரவல் வாங்கி வந்து இதைச் செய்து காட்டினார். நான் கடைசி பெஞ்சு. மணல் கோடு போட்டதைப் பார்த்தேன், பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்டேன்.

பல வருஷம் கழித்து, 1986-இல், ஒரு சின்னப் பட்டறையில் ஹெட்போன் சோதிக்கிற வேலை. ஹெட்போனுக்குள் இருப்பதும் ஒரு குட்டித் தோல்வாத்தியம்தான். மெல்லிய மைலார் தகடு, அதன் பின்னால் ஒட்டிய கம்பிச் சுருள், சுருள் இறங்கி நிற்கக் காந்தத்தில் ஒரு நூலிழைச் சந்து. கரெண்டு ஏற ஏறத் தகடு முழுசாக முன்னும் பின்னும் போக வேண்டும். அந்த வருஷம் ஒரு லாட் மொத்தமும் திரும்பி வந்தது. சில சுருதிகளில் கரகர என்று இரைச்சல். பாட்டில் இல்லாத ஒலியைக் கருவியே சேர்த்துவிடுகிறது, அதுதான் டிஸ்டார்ஷன். காந்தத்தை மாற்றினோம், கம்பியை மாற்றினோம், பலனில்லை. சோதித்து அனுப்பியவன் நான் என்பதால் பழி என் தலையில் விடிந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோது மிருதங்கம் ஞாபகம் வந்தது. மறுநாள் காசிமேட்டில் ஒரு பிடி மணல் அள்ளி, துணியில் சலித்து, மூடியைக் கழற்றிய தகட்டின் மேல் தூவி, ஆசிலேட்டரைத் திருப்பினேன். கரகரப்பு கேட்ட அதே இடத்தில் மணல் தகட்டின் குறுக்கே ஒரே கோடாக நின்றது! அதாவது ஒரு பாதி மேலே போனால் மறு பாதி கீழே போகிறது. தகடு ஏற்றப்பலகை மாதிரி ஆடுகிறது. அப்படி ஆடினால் சுருள் சாய்ந்து காந்தத்தை உரசும். தகட்டைத் திருப்பிப் பார்த்தால் பசை ஒரு பக்கம் தடியாக, ஒரு பக்கம் மெல்லிசாக இருக்கிறது. மிருதங்கத்தில் அந்தக் குறுக்குக் கோடு வேண்டியது. சரியான இடத்தில் வைத்த சோறு அதை அடிச் சுருதிக்கு இரட்டிப்பாக நிறுத்திச் சங்கீதமாக்குகிறது. எங்கள் தகட்டிலோ கண்ட இடத்தில் விழுந்த பசை அதையே கிளப்பிவிட்டு நாசம் செய்தது. பசையைக் கையால் தடவுவதை நிறுத்தி, தகட்டைச் சுழலவிட்டு ஊசிக் குழாயால் வைக்க ஆரம்பித்தோம். இரைச்சல் அடங்கியது. எனக்குச் சம்பளமும் நின்றுபோகவில்லை.

ராமனின் மிச்சக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1928 பிப்ரவரி 28, 1930-இல் நோபல் பரிசு, 1933-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு இயக்குநர், 1948-இல் சொந்த ஆராய்ச்சி நிலையம், 1954-இல் பாரத ரத்னா. ஒன்று மட்டும் சொல்லணும். மிருதங்கத்தின் மணல் கோலங்களை அவர் வெளியிட்டது நோபல் வாங்கி நாலு வருஷம் ஆன பிறகு, தாமே தொடங்கிய இந்திய விஞ்ஞான அகாடமியின் முதல் தொகுதியில். உலகமே ஒளியைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது மனுஷர் தோலையும் மணலையும் மறக்கவில்லை. 1970 நவம்பர் 21-இல் பெங்களூரில் காலமானார். உடலைத் தம் நிலையத்துத் தோட்டத்திலேயே தகனம் செய்தார்கள்.

எங்கள் பட்டறை இப்போது இல்லை. சலித்த மணல் மட்டும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் வீட்டில் இருக்கிறது. நம் செட்டில் மிருதங்கம் வாசிப்பவர்கள் யாராவது சந்திப்புக்கு வந்தால் வாத்தியத்தையும் தூக்கிக்கிட்டு வாங்க. மணல் நான் கொண்டு வர்றேன்.