முத்தைத் தேடி வந்தவர் மனிதரையும் கண்டார்

பள்ளி இறுதித் தேர்வு நெருங்கும்போது நம் இல்லங்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. வரலாறும் பொருளியலும் படித்தால் அரசாங்க வேலை கிடைக்குமா என்பதே அது. இதற்கு விடை காண, நம் தூத்துக்குடியில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் அரசு அலுவலரின் வாழ்வை நினைவுகூர்வோம்.

1865இல் பிறந்த இவர் கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்த அறிஞர். மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பிகள் சில ஆண்டுகள் பெருகுவதும் பல ஆண்டுகள் மறைவதும் ஏன் என்று ஆராய, 1902இல் பேராசிரியர் ஹெர்ட்மனுடன் இலங்கைக்கு வந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் சென்னை மாகாண அரசுப் பணியில் சேர்ந்து, முத்துக்குளிப்பையும் சங்குகுளிப்பையும் கண்காணித்தார். மாகாண மீன்துறை இயக்குநராக உயர்ந்து, 1924இல் ஓய்வு பெற்றார்.

சிப்பியையும் சங்கையும் எண்ணிக் கணக்கு எழுதுவதோடு அவர் கடமை முடிந்திருக்கலாம். ஆனால் அவர் குளியாளிகளையும் உற்றுநோக்கினார். இங்கு எடுத்த சங்கு வங்காளத்துக்குச் சென்று மணமான பெண்களின் வளையலாக மாறிய கதையைத் தேடி அறிந்தார். கொற்கையில் அறுபட்ட சங்குத் துண்டுகளைக் கண்டு, அத்தொழில் முற்காலத்தில் நம் கரையிலேயே நடந்ததை உணர்ந்தார். 1914இல் சங்கைப் பற்றியும், 1920இல் இந்தியப் படகுகளின் தோற்றம் பற்றியும் நூல்கள் எழுதினார். 1922இல் வெளிவந்த முத்துக்குளிப்பு நூலில் பரதவரின் வரலாற்றுக்கும் இடம் தந்தார். ஓய்வுக்குப் பின்னும் உலகின் படகுகளை ஆராய்ந்து, 1949இல் மறைந்தார்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. குளிப்பு நின்றுவிட்டது, அவர் எழுதிவைத்த மக்கள் வாழ்க்கை நின்று நிலைக்கிறது.

ஆயினும் ஒரு குறையை நாம் மறைக்கலாகாது. அவர் அந்நிய ஆட்சியின் அலுவலர். கல்லைப் பற்றிக்கொண்டு கடலடிக்குச் சென்ற பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் தம் கதையைத் தாமே எழுதவில்லை. கரையில் காத்திருந்த பெண்களின் கதையோ, நம் பாட்டிமாரிடம் கேட்டு இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.

அதை எழுதப்போவது யார்? வரலாறு கற்பவர்களுக்குத் தொல்லியல் துறை இருக்கிறது. தமிழக அரசு 1961இல் தொடங்கிய அத்துறையே 1968-69இல் கொற்கையை அகழ்ந்தது. மானிடவியல் கற்பவர்களுக்கு 1945இல் நிறுவப்பட்ட இந்திய மானிடவியல் ஆய்வகம் உண்டு. பொருளியலில் முதுகலைப் பட்டம் பெற்றோர் மத்திய தேர்வாணையத்தின் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுதலாம். அருங்காட்சியகங்களும் ஆவணக் காப்பகங்களும் உள்ளன. இடங்கள் குறைவு, போட்டி மிகுதி என்பது உண்மைதான். ஆழமும் சுறாவும் அறிந்தே குளிக்கச் சென்றவர்களின் ஊர் நம்முடையது.

பெற்றோரே, மகள் வரலாறு படிக்கிறேன் என்றால் தயங்காதீர்கள். தோழியரே, அயல்நாட்டார் ஒருவர் நம் கரையைக் கற்று எழுதினார். கரையிலேயே பிறந்த நாம் அதைத் தொடர்வோம்.