கிறிஸ்துமஸ் கச்சேரிக்கு வராத இசைக்குழுத் தலைவர்

வாரத்தில் மூன்று நாள் லண்டனுக்கு ரயில் பிடித்து ஓடுகிற சாஃப்ட்வேர் ஆள் நான். குடியிருப்பது பெட்ஃபோர்டில். இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஊர் நடுவில் கார்ன் எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு பழைய அரங்கம் இருக்கிறது. அங்கே ஒருவரின் மார்பளவுச் சிலை. முதல் இரண்டு வருஷம் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யாரோ பழைய மேயராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கடந்து போவேன்.

ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோதுதான் பெயரைப் படித்தேன். கிளென் மில்லர். வீட்டுக்கு வந்து தேடினால், முதலில் வந்ததெல்லாம் மர்மம், சதி, மறைக்கப்பட்ட உண்மை என்ற வகை வீடியோக்கள். அவர் எப்படி வாழ்ந்தார் என்பதைச் சொன்னவை குறைவு. அதனால் அந்த வாழ்க்கையை ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

பால் கறந்த காசில் ஒரு டிராம்போன்

1904 மார்ச் 1. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிளாரிண்டா என்ற சின்ன ஊரில் பிறந்தார். முழுப்பெயர் ஆல்டன் கிளென் மில்லர். வசதியான குடும்பம் இல்லை. அப்பாவுக்கு வேலை கிடைக்கும் இடமெல்லாம் குடும்பமும் பெட்டி படுக்கையோடு நகர்ந்தது. நெப்ராஸ்கா, மிசௌரி, கடைசியில் கொலராடோ. மாடுகளுக்குப் பால் கறந்து சேர்த்த காசில்தான் பையன் தன் முதல் டிராம்போனை வாங்கினான்.

1921-ல் பள்ளிப் படிப்பு முடிந்தது. பட்டமளிப்பு நாளன்று ஆளைக் காணோம். வாசிக்கும் வேலை தேடி வெளியூர் போய்விட்டான். சான்றிதழை அம்மா போய் வாங்கிக்கொண்டார். பிறகு கொலராடோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கேயும் கச்சேரி, கச்சேரி என்று அலைந்து ஒரு பருவத்தில் ஐந்து பாடத்தில் மூன்றில் ஃபெயில். படிப்பை விட்டுவிட்டார். இன்ஜினீயரிங்கில் அரியர் வைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும்.

1926 வாக்கில் பென் போலாக் என்பவரின் இசைக்குழுவில் சேர்ந்தார். 1928-ல் அதே குழுவுக்கு ஜாக் டீகார்டன் என்ற டிராம்போன் கலைஞர் வந்தார். அவர் பிறவி மேதை. மில்லருக்குக் கிடைத்துவந்த தனி வாசிப்பு வாய்ப்புகள் சுருங்கிப் போயின. வேறு யாராக இருந்தாலும் பொறாமையில் வெந்திருப்பார்கள். மில்லர் கணக்குப் போட்டுப் பார்த்தார். வாசிப்பில் இந்த ஆளை நம்மால் மிஞ்ச முடியாது. ஆனால் யார் எப்போது எதை வாசிக்க வேண்டும் என்று எழுதுகிற வேலை நமக்கு வரும். அங்கிருந்து அவர் அரேஞ்ஜர் ஆனார். அதே 1928-ல் கல்லூரிக் காலத்துத் தோழி ஹெலன் பர்கரைக் கல்யாணம் செய்துகொண்டார்.

நியூயார்க்கில் ஜோசப் ஷில்லிங்கர் என்ற ஆசிரியரிடம் பாடம் கற்றார். இசையைக் கணித முறையில் அணுகியவர் ஷில்லிங்கர். அவரிடம் பயிற்சியாக எழுதிய ஒரு மெட்டுதான் பின்னாளில் மூன்லைட் செரினேட் ஆனது. ஹோம்வொர்க்காக எழுதிய ஒன்று உலகப் புகழ் பெற்ற கதை இது.

முதல் முயற்சி படுதோல்வி

1937-ல் சொந்தமாக ஒரு இசைக்குழு தொடங்கினார். அப்போது அமெரிக்கா முழுக்க ஸ்விங் பைத்தியம். பென்னி குட்மேன், டாமி டார்ஸி, கவுண்ட் பேஸி என்று பெரிய தலைகள் களத்தில் இருந்த காலம். மில்லரின் குழுவுக்கு என்று ஒரு தனி அடையாளம் இல்லை. கேட்கிறவர்களுக்குப் பத்தோடு பதினொன்று. கையிலிருந்த காசு கரைந்தது. 1938 தொடக்கத்திலேயே குழுவைக் கலைத்துவிட்டார். வயது 34-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பழைய யோசனை ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். 1935-ல் ரே நோபிள் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுத் தலைவருக்கு அமெரிக்காவில் குழு அமைத்துக் கொடுத்தபோதே மனதில் விழுந்த விதை அது. வழக்கமாக சாக்ஸபோன் வரிசையில் ஒரு சாக்ஸபோன்தான் முன்னால் நின்று மெட்டைத் தூக்கிச் செல்லும். மில்லர் அந்த இடத்தை ஒரு கிளாரினெட்டுக்குக் கொடுத்தார். கீழே டெனர் சாக்ஸபோன் அதே மெட்டை ஒரு ஸ்தாயி இறங்கி வாசிக்கும். நடுவில் மற்ற சாக்ஸபோன்கள் இடத்தை நிரப்பும். இவ்வளவுதான். கேட்க எளிமையாக இருந்தாலும், வானொலியைத் திருப்பியதும் இரண்டே நொடியில் இது மில்லர் குழு என்று தெரிந்துவிடும். அந்த அடையாளம்தான் முதல் குழுவிடம் இல்லாமல் இருந்தது.

1938-லேயே இரண்டாவது குழு தொடங்கியது. புளூபேர்ட் என்ற மலிவு விலை இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம். 1939 கோடையில் நியூயார்க் அருகே நியூ ரோஷலில் உள்ள க்ளென் ஐலண்ட் கேசினோவில் வாசிக்க வாய்ப்பு. அங்கிருந்து நிகழ்ச்சிகள் வானொலியில் நேரடியாக ஒலிபரப்பாகும். ஒரே கோடையில் நாடு முழுக்கப் பெயர் பரவிவிட்டது. அந்த ஏப்ரலில் மூன்லைட் செரினேட், ஆகஸ்டில் இன் த மூட் பதிவாகின. 1939 டிசம்பரிலிருந்து ஒரு சிகரெட் நிறுவனத்தின் ஆதரவில் வாரம் மூன்று இரவு வானொலி நிகழ்ச்சி. ரே எபர்லி, மேரியன் ஹட்டன், டெக்ஸ் பெனிக்கி, மாடர்னேர்ஸ் குழு ஆகியோரின் குரல்கள் வீட்டுக்கு வீடு தெரிந்தவை ஆயின. 1941-ல் பதிவான சட்டனூகா சூ சூ 12 லட்சம் பிரதிகள் விற்றது. 1942 பிப்ரவரியில் அதற்காக அவருக்குத் தங்க முலாம் பூசிய இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். இன்று பாடகர்கள் சுவரில் மாட்டிவைக்கும் கோல்டு டிஸ்க் வழக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்விங் இசையின் வேர் கறுப்பின அமெரிக்கர்களுடையது. மில்லரின் பெரிய வெற்றிகளில் ஒன்றான டக்சிடோ ஜங்ஷன், முதலில் எர்ஸ்கின் ஹாக்கின்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரின் குழு வாசித்தது. பெரிய ஹோட்டல்களும் வானொலி ஒப்பந்தங்களும் வெள்ளையர் குழுக்களுக்கு எளிதாகத் திறந்த அளவுக்கு மற்றவர்களுக்குத் திறக்கவில்லை. ஜாஸ் விமர்சகர்களுக்கும் மில்லர் மேல் குறை உண்டு. எல்லாம் அளந்து வைத்தது போல இருக்கிறது, தன்னிச்சை இல்லை என்பார்கள். குழுவிலும் அவர் கொஞ்சுகிற ஆள் இல்லை. கறாரான மேலாளர். உடையில், நேரத்தில், வாசிப்பில் ஒரு பிசகும் பொறுக்கமாட்டார்.

உச்சத்தில் இருந்து இறங்கியவர்

1942. அமெரிக்கா போரில் இறங்கிவிட்டது. மில்லருக்கு 38 வயது. மனைவி இருக்கிறார், கண்ணாடி போட்டவர், கட்டாய ராணுவ சேவைக்கு அவரை யாரும் அழைக்கப் போவதில்லை. வாரத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் வருமானம். வீட்டில் உட்கார்ந்து தேசபக்திப் பாட்டு வாசித்திருந்தாலே போதும், யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

அவர் கடற்படைக்கு விண்ணப்பித்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விடவில்லை. ராணுவத்துக்கு எழுதினார். ராணுவ இசையை இன்றைய இளைஞர்கள் கேட்கும்படி மாற்றித் தருகிறேன் என்பது அவர் வைத்த கோரிக்கை. ஏற்றுக்கொண்டார்கள். 1942 செப்டம்பர் 27-ஆம் தேதி நியூஜெர்சியின் பசாயிக் நகரில் கடைசிப் பொதுக் கச்சேரி. நாட்டின் முதல் வரிசைக் குழுவை அத்துடன் கலைத்துவிட்டு, கேப்டனாகச் சீருடை அணிந்தார்.

ராணுவத்திலும் எதிர்ப்பு இருந்தது. செயின்ட் லூயிஸ் புளூஸ் பாட்டை அணிவகுப்பு இசையாக மாற்றியபோது பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் நடந்துபோன சிப்பாய்களுக்குப் பிடித்துப்போனது. 1944 ஜூனில் சுமார் 50 பேர் கொண்ட ராணுவ இசைக்குழுவோடு இங்கிலாந்து வந்து சேர்ந்தார்.

அப்போது லண்டன் மீது ஹிட்லரின் வி-1 பறக்கும் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. குழு தங்கியிருந்த இடம் செல்சி பகுதியில். நிலைமையைப் பார்த்த மில்லர் எல்லோரையும் பெட்ஃபோர்டுக்கு மாற்ற ஏற்பாடு செய்தார். பிபிசியின் இசைப் பிரிவு ஏற்கெனவே இங்கேதான் இயங்கிக்கொண்டிருந்தது. ஜூலை 2-ஆம் தேதி குழு கிளம்பியது. மறுநாள் காலை அவர்கள் தங்கியிருந்த அதே பகுதியில் குண்டு விழுந்து, பல அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்துபோனார்கள். ஒரு நாள் தள்ளிப்போட்டிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்த ஐந்தரை மாதம் ஓய்வே இல்லை. விமான நிலையக் கொட்டகைகள், மருத்துவமனைகள், வானொலி நிலையம் என்று மாறி மாறி ஓட்டம். நேற்று பக்கத்தில் நின்றவன் இன்று குண்டுவீசப் போய்த் திரும்பவில்லை என்ற நிலையில் இருந்த இருபது வயதுப் பையன்களுக்கு, அந்த ஒரு மணி நேரம் சொந்த ஊரின் சனிக்கிழமை இரவு போல இருந்திருக்கும். பின்னாளில் பீட்டில்ஸால் புகழ்பெற்ற அபே ரோடு ஸ்டுடியோவில், ஜெர்மன் சிப்பாய்களுக்காக ஜெர்மன் மொழியிலும் நிகழ்ச்சிகள் பதிவு செய்தார்கள். ஆகஸ்டில் மில்லர் மேஜர் ஆனார்.

அந்த வெள்ளிக்கிழமை

பாரிஸ் விடுதலையாகிவிட்டது. கிறிஸ்துமஸ் ஒலிபரப்பை அங்கிருந்து செய்யத் திட்டம். ஏற்பாடுகளைப் பார்க்க மில்லர் முன்னால் போக வேண்டும். வானிலை மோசம். விமானங்கள் தாமதம். நார்மன் பேசல் என்ற அதிகாரி தன் விமானத்தில் இடம் இருக்கிறது, வாங்க என்று கூப்பிட்டார்.

1944 டிசம்பர் 15, வெள்ளிக்கிழமை மதியம். பெட்ஃபோர்டுக்கு வடக்கே டுவின்வுட் ஃபார்ம் விமானத் தளம். ஒற்றை எஞ்சின் கொண்ட நார்ஸ்மேன் ரக விமானம். ஓட்டியவர் ஜான் மோர்கன். மூன்று பேரும் மேகத்துக்குள் போனார்கள். அதன்பிறகு யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் பெல்ஜியம் பக்கம் ஜெர்மனியின் பெரும் எதிர்த்தாக்குதல் தொடங்கியது. அந்தக் களேபரத்தில் ஒரு சின்ன விமானம் வந்து சேரவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. 18-ஆம் தேதி குழு பாரிஸில் இறங்கியபோது, வரவேற்க நிற்க வேண்டிய தலைவர் அங்கே இல்லை. அப்போதுதான் உறைத்தது. 24-ஆம் தேதி உலகத்துக்கு அறிவித்தார்கள். மறுநாள் கிறிஸ்துமஸ் ஒலிபரப்பை நிறுத்தவில்லை. அரேஞ்ஜர் ஜெர்ரி கிரே முன்னால் நின்று நடத்தினார்.

அவர் எப்படி இறந்தார்? பாரிஸில் தகாத இடத்தில் இறந்தார், உளவாளியாக இருந்தார் என்றெல்லாம் கதைகள் உண்டு. எதற்கும் ஆதாரம் கிடையாது. ஜெர்மனிக்குப் போய்ப் பாதியில் திரும்பிய பிரிட்டிஷ் லங்காஸ்டர் விமானங்கள் கடலில் கொட்டிய குண்டுகள் பட்டிருக்கலாம் என்ற கருத்து 1984-ல் பிரபலமானது. நேரமும் பாதையும் பொருந்தவில்லை என்று பிறகு ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள்.

மிஞ்சுவது சாதாரணமான விடை. கார்புரேட்டரில் எரிபொருள் ஆவியாகும்போது வெப்பநிலை சட்டென்று இறங்கும். ஈரக் காற்றாக இருந்தால் உள்ளே பனிக்கட்டி படியும். எஞ்சினுக்குக் காற்று போகாது. நின்றுவிடும். மேகத்துக்குக் கீழே தாழப் பறக்கும் விமானத்துக்குச் சமாளிக்க நேரம் கிடையாது. கீழே டிசம்பர் மாதக் கடல். 1945 ஜனவரியில் நடந்த ராணுவ விசாரணையும் வானிலை, இயந்திரக் கோளாறு, மனிதத் தவறு ஆகிய மூன்றும் சேர்ந்த விபத்து என்றே முடிவு சொன்னது.

நம் வேலையிலும் இப்படித்தானே? சர்வர் படுத்தால் முதலில் ஹேக்கர் என்று பேச்சு கிளம்பும். கடைசியில் பார்த்தால் காலாவதியான ஒரு சான்றிதழ். பெரிய மனிதனுக்குப் பெரிய காரணம் வேண்டும் என்று நம் மனசு அடம்பிடிக்கிறது. ஆனால் அந்த அடத்துக்கு விலை கொடுப்பது குடும்பம். ஹெலனும் மில்லரும் ஒரு மகனைத் தத்தெடுத்திருந்தார்கள். மில்லர் இங்கிலாந்தில் இருந்தபோது ஹெலன் ஒரு பெண் குழந்தையையும் தத்தெடுத்தார். அந்தக் குழந்தையை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. உடல் இல்லை, கல்லறை இல்லை. கணவர் இறந்துவிட்டார் என்று சட்டப்படி அறிவிக்க ஒரு வருஷமும் ஒரு நாளும் காத்திருந்தார் ஹெலன். 1966-ல் அவரும் காலமானார். அந்த வீட்டுக்கு இந்தக் கதை மர்மத் தொடராக இருந்திருக்காது.

கேம்பிரிட்ஜ் பக்கம் மேடிங்லியில் அமெரிக்க ராணுவக் கல்லறை இருக்கிறது. காணாமல் போன ஆயிரக்கணக்கானவர்களின் பெயர்களை அங்கே ஒரு நீண்ட சுவரில் பொறித்திருக்கிறார்கள். போன நவம்பரில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். மில்லர் பெயரைக் கண்டுபிடிக்க நேரம் பிடித்தது. மற்றவர்கள் பெயர் எந்த அளவோ அதே அளவு எழுத்து, அதே வரிசை. தனி அலங்காரம் எதுவும் இல்லை.

திரும்பி வரும்போது காரில் மூன்லைட் செரினேட் போட்டேன். கிளாரினெட் மேலே, டெனர் சாக்ஸபோன் கீழே. பின்சீட்டில் இருந்த சின்னவள், முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள்.