நீச்சல் தெரியாது, ஆனால் காப்பாற்றியது 873 உயிர்கள்: யார் இந்த ஹென்றி ப்ளாக்?

பிரிட்டனின் லைஃப்போட் வரலாற்றிலேயே அதிகப் பதக்கம் வாங்கியவர் யார் என்று தேடிப் பார்த்தால், ஹென்றி ப்ளாக் என்ற பெயர் வரும். 53 வருட சர்வீஸ். 387 முறை புயலிலும் இருட்டிலும் படகை எடுத்துக்கொண்டு போனவர். 873 பேர் உயிரோடு கரை சேர்ந்தார்கள். இவ்வளவுக்கும் மனிதருக்கு நீச்சல் தெரியாது.

கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்து மீனவர்கள் பலரும் அப்படித்தான். உறைய வைக்கிற வடகடல் தண்ணீரில், கப்பலையே உடைக்கிற அலைக்கு நடுவில், நீச்சல் பெரிதாக உதவாது. உடம்பில் கட்டியிருக்கும் மிதவை ஜாக்கெட்டும், படகைப் பிடித்திருக்கும் கையும்தான் துணை.

ப்ளாக் பிறந்தது 1876-ல், இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் நார்ஃபோக் மாவட்டத்துக் குரோமர் ஊரில். தொழில், நண்டும் சிங்கி இறாலும் பிடிப்பது. கோடையில் சுற்றுலா வருபவர்களுக்குக் கடற்கரையில் சாய்வு நாற்காலி வாடகைக்கு விடுவார். குடிப்பழக்கம் இல்லை, புகைப்பழக்கமும் இல்லை. தான் செய்த மீட்புகளைப் பற்றி வாயைத் திறக்கவே மாட்டார் என்பது ஊரறிந்த விஷயம்.

18 வயதில், 1894-ல், லைஃப்போட் குழுவில் சேர்ந்தார். இதை நடத்துவது ஆர்.என்.எல்.ஐ. என்ற தொண்டு அமைப்பு. அரசுத் துறை அல்ல. ஆபத்து என்று சிக்னல் வெடி கேட்டதும், வலையையும் சாப்பாட்டையும் அப்படியே போட்டுவிட்டு ஓடி வரும் உள்ளூர் ஆட்கள்தான் குழு.

கஷ்டமான வேலை எது?

துடுப்பு போடுவது கஷ்டம்தான். அலை அடிக்கும்போது கயிறு வீசுவதும் கஷ்டம்தான். ஆனால் படகில் இருக்கிற வேலைகளிலேயே கொடுமையானது ‘காக்ஸ்வைன்’ வேலை. சுக்கான் அவர் கையில். போகலாமா, வேண்டாமா, இப்போதே நெருங்குவதா, காத்திருப்பதா என்று முடிவெடுப்பதும் அவர்தான். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் முகம் தெரியாத ஊழியர்கள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், சொந்தக்காரர், தினமும் கூடவே நண்டு பிடிக்கிறவர். முடிவு தப்பினால் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

1909-ல் ப்ளாக் அந்த இடத்துக்கு வந்தார். 1947 வரை, அதாவது 71 வயது வரை, விடவில்லை.

துடுப்புகள் உடைந்த இரவு

1917 ஜனவரி 9. முதல் உலகப் போர் நேரம். ஊரில் இளைஞர்கள் இல்லை, படகில் ஏறியவர்களில் பலர் 50 வயதைத் தாண்டியவர்கள். இன்ஜின் கிடையாது, எல்லாம் கைத்துடுப்புதான். கடுமையான கொந்தளிப்பில் ‘பைரின்’ என்ற கிரேக்கக் கப்பலிலிருந்து 16 பேரை மீட்டுக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். எல்லோரும் சோர்ந்து போயிருந்தார்கள்.

அதற்குள், மரம் ஏற்றி வந்த ‘ஃபெர்னெபோ’ என்ற சுவீடன் கப்பல் வெடித்து இரண்டு துண்டாகிவிட்டது. திரும்பவும் போக வேண்டும். அந்த ஆட்களிடம் இதை எப்படிக் கேட்பது? ப்ளாக் கேட்டார், அவர்களும் ஏறினார்கள். முதல் முயற்சியில் அலை படகைக் கரைக்கே திருப்பித் தள்ளியது. அடுத்த முயற்சியில் ஐந்து துடுப்புகள் உடைந்தன, மூன்று கடலோடு போயின. மாற்றுத் துடுப்புகளை எடுத்துக்கொண்டு மறுபடியும் இறங்கினார்கள். அந்தத் தடவை 11 பேரோடு திரும்பினார்கள். ப்ளாக்கின் முதல் தங்கப் பதக்கம் இதற்குத்தான்.

1923-ல் குரோமருக்கு மோட்டார் லைஃப்போட் வந்தது. ‘எச்.எஃப். பெய்லி’ என்று பெயர். இன்ஜின் வந்ததால் வேலை சுலபமானது என்று நினைத்தால் தப்பு. இன்னும் தூரமாக, இன்னும் மோசமான இடத்துக்குப் போக முடிந்தது, அவ்வளவுதான். 1927-ல் ‘ஜார்ஜியா’ என்ற டச்சு எண்ணெய்க் கப்பல் இரண்டாக உடைந்தது. அதன் ஒரு பாதியில் மாட்டிக்கொண்ட 15 பேரை மீட்டதற்கு இரண்டாவது தங்கம்.

ஒரே வருடம், இரண்டு முடிவுகள்

ப்ளாக்கைப் புரிந்துகொள்ள 1941-ஐப் பார்த்தால் போதும். அப்போது அவருக்கு 65 வயது.

ஆகஸ்ட் 6. போர்க்கால அணியாக வந்த ஆறு கப்பல்கள் ஹேஸ்பரோ மணல்திட்டில் ஏறி நின்றுவிட்டன. அந்தத் திட்டில் தண்ணீர் ஆழமே இல்லாததால், மீட்கப் போகும் படகும் தரை தட்டும். ‘ஆக்ஸ்ஷாட்’ கப்பல் ஏறக்குறைய முழுகிவிட்டது. அதிலிருந்த 16 பேர் மேல்பகுதியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார்கள். கயிறு கட்டி நிறுத்த இடமில்லை. ப்ளாக் என்ன செய்தார் தெரியுமா? கப்பலில் விழுந்திருந்த விரிசலுக்குள்ளேயே லைஃப்போட்டின் முன்பக்கத்தைச் செருகி, இன்ஜின் வேகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். 16 பேரும் ஏறினார்கள். அன்றைக்கு அவருடைய படகு மட்டும் மீட்டது 88 பேர். மூன்றாவது தங்கம்.

அக்டோபர் 26. ‘இங்கிலீஷ் டிரேடர்’ என்ற கப்பல், ஹாமண்ட் நோல் திட்டில் சிக்கியது. இந்த முறை ப்ளாக் உடனே பாயவில்லை. கடலைப் பார்த்தார், இப்போது முடியாது என்று முடிவு செய்தார். கண்ணெதிரே ஆட்கள் காத்திருக்க, நீரோட்டம் தணியட்டும் என்று படகைச் சுற்றவிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு வாய்ப்பு தெரிந்த மாதிரி இருந்ததும் நெருங்கினார். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய அலை பக்கவாட்டில் வந்து மோதியது. படகு கவிழும் அளவுக்குச் சாய்ந்தது. ஐந்து பேர் கடலில் விழுந்தார்கள். அதில் ஒருவர் ப்ளாக்.

உள்ளே மிஞ்சியவர்கள் படகை நிமிர்த்தி, ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார்கள். கடைசியாகத் தூக்கிய ஆலன் என்ற சிக்னல்காரர் படகிலேயே இறந்துபோனார்.

காத்திருந்தது சரியா, நெருங்கியது தப்பா என்று கரையில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் பேசலாம். ப்ளாக்குக்கு அந்த வசதி இல்லை. குழுவை யார்மத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கப்பலில் ஆட்கள் இன்னும் இருந்தார்கள். மறுநாள் அதிகாலையில், ஒரு ஆள் குறைந்த அதே குழுவுடன் மறுபடியும் கிளம்பினார். இரவோடு கடல் அடங்கியிருந்தது. 44 பேரைப் படகில் ஏற்றிக்கொண்டார்.

இதற்குக் கிடைத்தது வெள்ளிப் பதக்கம். ஜார்ஜ் கிராஸும் அவர் பெயரில் உண்டு. 1947-ல் ஓய்வு பெற்றபோது சுக்கானை வாங்கிக்கொண்டது அவருடைய மருமகன் முறை உறவினர், ஊரில் ‘ஷ்ரிம்ப்’, அதாவது கூனி இறால், என்று செல்லமாகக் கூப்பிடும் டேவிஸ். ப்ளாக் 1954 ஜூன் 13-ல் காலமானார். இங்கிலீஷ் டிரேடருக்குப் போன அந்த எச்.எஃப். பெய்லி, குரோமரில் அவர் பெயரில் இருக்கும் அருங்காட்சியகத்தில் இப்போதும் நிற்கிறது.