சென்னையில் வெண்கலக் குதிரை, தருமபுரியில் பட்டா: யார் இந்த தாமஸ் மன்றோ?

தீவுத்திடல் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் ஒருமுறையாவது அந்தக் குதிரைக்காரரைப் பார்த்திருப்பீங்க. உயரமான பீடம், அதன்மேல் வெண்கலக் குதிரை, அதில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ராணுவ அதிகாரி. குதிரைக்குச் சேணம் இல்லை, காலை ஊன்ற அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார், அந்த அவமானத்தில் தற்கொலை செய்துகொண்டார் என்று ஒரு கதை ரொம்ப நாளாக ஓடுகிறது. சும்மா கதைதான். சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி 1841ல் இதயக் கோளாறால் இறந்தார். லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் இருக்கும் அவருடைய நான்காம் ஜார்ஜ் மன்னர் சிலையிலும் சேணம், அங்கவடி கிடையாது. அவர் பாணியே அதுதான்.

சிலை நிற்பது சென்னையில். ஆனால் அதில் இருப்பவரை ஆளாக்கியது தருமபுரி.

தாமஸ் மன்றோ 1761ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். அப்பா அமெரிக்காவோடு புகையிலை வியாபாரம் செய்தவர். அமெரிக்க சுதந்திரப் போர் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. சின்ன வயதில் வந்த நோயால் மன்றோவுக்குக் காது கொஞ்சம் மந்தம். கிழக்கிந்திய கம்பெனிப் படையில் சாதாரண கேடட்டாக 1780 ஜனவரியில் சென்னை வந்து இறங்கியபோது வயது 18. அந்த வருஷமே ஹைதர் அலியோடு சண்டை. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் படையிலேயே போயின.

1792ல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தப்படி பாராமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பகுதிகள்தான் பாராமகால். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைமையில் மூன்று ராணுவ அதிகாரிகளை உதவிக்கு அனுப்பினார்கள். மன்றோவுக்குக் கிடைத்தது நடுப்பகுதி, தலைமையிடம் தருமபுரி. ஏழு வருஷம் அங்கே இருந்தார். தோட்டம் போட்டார், செடி வளர்த்தார். ஊருக்கு எழுதிய கடிதங்களில் அந்தத் தோட்டத்தைப் பற்றிப் பிரியமாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் வீட்டில் இருந்த நேரம் குறைவு. கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போய் நிலக்கணக்கு பார்ப்பதுதான் வேலை.

அப்படி என்ன கணக்கு? ஒவ்வொரு வயலையும் அளக்க வேண்டும், மண்ணின் தரம் பார்க்க வேண்டும், வயலுக்கு இவ்வளவு தீர்வை என்று எழுத வேண்டும். இடையில் ஜமீன்தார், குத்தகைதாரர் யாரும் கிடையாது. உழுகிறவர் நேராக சர்க்காருக்குக் கட்டுவார். வருஷா வருஷம் கணக்கு முடிப்பார்கள். இன்னைக்கும் தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி நடக்குதே, அந்த ஏற்பாடு இதோடு சேர்ந்ததுதான். இதற்குப் பெயர் ரயத்துவாரி. இதன் தந்தை மன்றோ என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். உண்மையில் விதை போட்டவர் ரீட். அதைக் கட்டிக்காத்து மாகாணம் முழுக்கக் கொண்டுபோனவர் மன்றோ.

1799ல் அவர் கன்னடக் கடற்கரைக்கு மாறிப்போனார். அவர் போன சில ஆண்டுகளில் கம்பெனி அதே பாராமகாலை மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டது. சேலம், தருமபுரி பக்கம் மிட்டாதார் என்ற பேச்சு வந்தது இப்படித்தான். ஏலம் எடுத்த பலரால் பணம் கட்ட முடியாமல், நிறைய மிட்டாக்கள் திரும்ப சர்க்கார் கைக்கே வந்தன.

மன்றோவைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. தீர்வை கடுமையாகவே இருந்தது. அது தெரிந்துதான் 1807லேயே கால் பங்கு குறைக்கச் சொன்னார். மேலிடம் கேட்கவில்லை. 1820ல் கவர்னராக வந்த பிறகுதான் குறைப்பு நடந்தது. அவர் இறந்த பிறகும் வசூல் கொடுமை ஓயவில்லை. தீர்வை கேட்டு விவசாயிகளைச் சித்திரவதை செய்ததை விசாரித்த கமிஷனின் அறிக்கை 1855ல் வந்தது. இடைத்தரகர் போனார், அந்த இடத்தில் சர்க்கார் சேவகன் வந்து நின்றான்.

கவர்னர் காலத்தில் அவர் செய்த ஒரு வேலை இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது. மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடம் என்று 1822ல் கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 என்று விடை வந்தது. இந்தியர்களைப் பெரிய பதவிகளிலிருந்து ஒதுக்கிவைப்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை.

1826ல் மனைவி, உடம்பு சரியில்லாத இளைய மகனோடு இங்கிலாந்து போய்விட்டார். மன்றோவும் ராஜினாமா கொடுத்துவிட்டு, அடுத்த கவர்னர் வரட்டும் என்று காத்திருந்தார். அந்த இடைவெளியில், முன்பு கலெக்டராக இருந்த ராயலசீமை ஜனங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார். அங்கே காலரா. 1827 ஜூலை 6 காலையில் பத்திகொண்டாவில் நோய் கண்டது, இரவுக்குள் உயிர் போய்விட்டது. வயது 66. கூத்தியில் புதைத்தார்கள். 1831ல் எடுத்துவந்து சென்னைக் கோட்டையின் புனித மேரி தேவாலயத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். அவர் இறந்த பத்திகொண்டாவில் ஒரு தோப்பும், படிக்கட்டு வைத்த கிணறும் நினைவாக அமைத்தது அரசு.

சிலை 1839ல், பொதுமக்கள் நன்கொடையில் திறக்கப்பட்டது. பிற்பாடு அதே மவுண்ட் ரோட்டில் இன்னொரு ராணுவ அதிகாரிக்கும் சிலை வைத்தார்கள். 1857 கிளர்ச்சியில் இந்தியர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்று, கடைசியில் லக்னோவில் சுடப்பட்டு விழுந்த ஜேம்ஸ் நீல். அதை எடுக்கச் சொல்லி 1927ல் இளைஞர்கள் சுத்தியலும் கோடரியுமாகப் போய் ஜெயிலுக்குப் போனார்கள். 1937ல் ராஜாஜி ஆட்சியில் நீல் சிலை சாலையைவிட்டு அகற்றப்பட்டது. இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மன்றோவின் குதிரை வைத்த இடத்திலேயே நிற்கிறது.