வெள்ளிக்கிழமை நாயகன் ஜெய்சங்கர்

நமது நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் தமிழ்த் திரையில் கொடிகட்டிப் பறந்த காலத்தில், தனக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொண்டவர் ஜெய்சங்கர். 1938இல் பிறந்த இவர், சென்னைப் புதுக்கல்லூரியில் பயின்று, நாடக மேடை வழியாக வந்து, 1965இல் 'இரவும் பகலும்' படத்தில் அறிமுகமானார்.

பெரிய நடிகர்களுக்குச் சம்பளம் கொடுக்க இயலாத சிறு தயாரிப்பாளர்கள் இவரை நாடினர். இவரும் அவர்களைக் கைவிடவில்லை. வெள்ளிதோறும் இவரது படம் வருகிறது என்று பேசுமளவுக்கு நடித்தார். மேலைநாட்டுக் கௌபோய் படங்களின் பாணியில் கர்ணன் 1972இல் 'கங்கா', 'ஜக்கம்மா' ஆகியவற்றைச் சிக்கனமாக எடுத்தபோது, துப்பாக்கியேந்திக் குதிரையேறினார். 1980இல் 'முரட்டுக்காளை'யில் வில்லனாகவும் தயங்காது நடித்தார்.

2000 ஜூன் 3ஆம் திகதி காலமானார். எளியவர்க்குத் தோள்கொடுத்தவர் என்பதே அவர் விட்டுச்சென்ற பெயர்.