ஹென்றி ஃபோண்டா

ஹென்றி ஜேன்ஸ் ஃபோண்டா (மே 16, 1905 – ஆகஸ்ட் 12, 1982) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த புகழ் பெற்ற மேடை, திரைப்பட நடிகர் ஆவார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நடித்த இவர், 1957 ஆம் ஆண்டில் வெளிவந்த 12 ஆங்ரி மென் என்னும் திரைப்படத்தில் ஏற்ற எட்டாம் எண் ஜூரி வேடத்திற்காகப் பெரிதும் அறியப்படுகிறார். அப்படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரும் இவரே. நடிகை ஜேன் ஃபோண்டா, நடிகர் பீட்டர் ஃபோண்டா ஆகியோர் இவருடைய பிள்ளைகள்.

இளமைக் காலம்

ஃபோண்டா நெப்ராஸ்கா மாநிலத்தின் கிராண்ட் ஐலண்ட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வில்லியம் ஃபோண்டா அச்சுத் தொழில் செய்தவர். குடும்பம் பின்னர் ஓமஹா நகரில் குடியேறியது. தந்தையின் அச்சகம் அந்நகர நீதிமன்றக் கட்டடத்திற்கு எதிரில் அமைந்திருந்தது.

1919 செப்டம்பர் 28 அன்று அந்நகரில் நடந்த கொடுமை ஃபோண்டாவின் நினைவில் இறுதிவரை தங்கியிருந்தது. வெள்ளையினப் பெண் ஒருவரைத் தாக்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, வில் பிரவுன் என்ற கறுப்பினத் தொழிலாளி நீதிமன்றக் கட்டடத்தில் காவலில் வைக்கப்பட்டிருந்தார். விசாரணை எதுவும் தொடங்கும் முன்பே ஆயிரக்கணக்கானோர் திரண்டு கட்டடத்திற்குத் தீ வைத்தனர். தடுக்க முயன்ற நகர முதல்வர் எட்வர்ட் சுமித்தின் கழுத்திலும் கயிற்றை மாட்டினர்; அவர் மயிரிழையில் உயிர் தப்பினார். வில் பிரவுனை வெளியே இழுத்து வந்து விளக்குக் கம்பத்தில் தூக்கிலிட்டு, சுட்டு, உடலை எரித்தனர். பதினான்கு வயதுச் சிறுவனாக இருந்த ஃபோண்டா, அச்சகத்தின் மாடிச் சாளரத்தில் தந்தையுடன் நின்று இதனைப் பார்த்தார். தந்தை அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. கடையைப் பூட்டிவிட்டு மகனை வீட்டிற்கு அழைத்துச் சென்றார்.

நாடகமும் திரைப்படமும்

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கச் சேர்ந்த ஃபோண்டா பட்டம் பெறாமலே ஊர் திரும்பினார். கூச்ச சுபாவம் கொண்ட இவரை ஓமஹா சமுதாய நாடக அரங்கிற்கு அழைத்துச் சென்றவர் டோரதி பிராண்டோ என்னும் குடும்ப நண்பர். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற நடிகர் மார்லன் பிராண்டோவின் தாய் இவரே என்பது குறிப்பிடத்தக்கது. 1928 இல் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் இயங்கிய யுனிவர்சிட்டி பிளேயர்ஸ் நாடகக் குழுவில் ஃபோண்டா சேர்ந்தார். நெடுநாள் நண்பரான ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் அறிமுகம் இக்குழுவின் வழியே கிடைத்தது. தி ஃபார்மர் டேக்ஸ் எ வைஃப் என்ற நாடகத்தில் 1934 இல் நடித்த இவர், 1935 இல் அதன் திரைவடிவம் மூலம் திரையுலகில் நுழைந்தார்.

ஜான் ஃபோர்டு இயக்கிய யங் மிஸ்டர் லிங்கன் (1939) படத்தில் இளம் வழக்கறிஞர் ஆபிரகாம் லிங்கனாக நடிக்க ஃபோண்டா முதலில் மறுத்தார். லிங்கன் அத்தனை பெரிய மனிதர் என்ற தயக்கமே காரணம். இப்படத்தில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இரு சகோதரர்களைத் தூக்கிலிடச் சிறைவாயிலில் திரளும் கும்பலை லிங்கன் தனியாளாக நின்று திருப்பி அனுப்புகிறார். பின்னர் நீதிமன்றத்தில் அவர்களுக்காக வாதாடி விடுதலை பெற்றுத் தருகிறார். ஓமஹாவில் சிறுவனாகக் கண்டதற்கு நேர்மாறான ஒரு முடிவை இவர் இங்கே நடித்துக் காட்டினார் எனலாம்.

தி கிரேப்ஸ் ஆஃப் ராத் (1940) படத்தின் டாம் ஜோட் வேடம் இவருக்கு முதல் ஆஸ்கார் பரிந்துரையைப் பெற்றுத் தந்தது. ஆனால் அவ்வேடத்திற்காக டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்துடன் ஏழாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. அந்தக் கட்டுப்பாட்டை இவர் வெறுத்தார். அக்காலத்தில் இவர் மனமுவந்து நடித்த படங்களுள் ஒன்று வில்லியம் வெல்மன் இயக்கிய தி ஆக்ஸ்-போ இன்சிடென்ட் (1943). கால்நடைத் திருடர்கள் என்ற ஐயத்தின் பேரில் மூவரை ஒரு கும்பல் தூக்கிலிடுகிறது. பிறகே அவர்கள் குற்றமற்றவர்கள் எனத் தெரியவருகிறது. எதிர்ப்புத் தெரிவித்த சிலருள் ஒருவராக வரும் ஃபோண்டாவால் அக்கொலையைத் தடுக்க முடிவதில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது 1942 இல் கடற்படையில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி வெண்கல விண்மீன் பதக்கம் பெற்றார். 1948 முதல் மிஸ்டர் ராபர்ட்ஸ் நாடகத்தில் நடித்து டோனி விருதும் பெற்றார்.

12 ஆங்ரி மென்

எழுத்தாளர் ரெஜினால்ட் ரோஸ், கொலை வழக்கு ஒன்றில் ஜூரியாகப் பணியாற்றிய தம் அனுபவத்தைக் கொண்டு எழுதிய தொலைக்காட்சி நாடகம் 1954 இல் ஒளிபரப்பானது. அதனைத் திரைப்படமாக எடுக்க முன்வந்த ஃபோண்டா, ரோசுடன் இணைந்து தயாரிப்பாளரானார். இவர் தயாரித்த ஒரே திரைப்படம் இதுவாகும். அதுவரை தொலைக்காட்சி நாடகங்களையே இயக்கி வந்த சிட்னி லூமெட்டிடம் இயக்கம் ஒப்படைக்கப்பட்டது.

பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் பன்னிருவர் வழக்கைக் கேட்டு, குற்றவாளியா இல்லையா என்று ஒருமனதாகத் தீர்ப்புக் கூறுவதே இப்படத்தில் காணும் ஜூரி முறை. இந்தியாவிலும் இருந்த ஜூரி முறை, 1959 இல் நிகழ்ந்த நானாவதி வழக்கிற்குப் பின் படிப்படியாகக் கைவிடப்பட்டது. தந்தையைக் கத்தியால் குத்திக் கொன்றதாகப் பதினெட்டு வயது இளைஞன் மீது வழக்கு. தீர்ப்பு குற்றவாளி என்றால் மரண தண்டனை உறுதி. முதல் வாக்கெடுப்பில் பதினொருவர் குற்றவாளி என்கின்றனர். எட்டாம் எண் ஜூரி மட்டும் மறுக்கிறார்.

இளைஞன் நிரபராதி என்று அவர் எங்கும் அடித்துக் கூறுவதில்லை. தமக்குத் தெரியவில்லை, ஓர் உயிரைப் போக்குமுன் சிறிது நேரமாவது பேசுவோம் என்பதே அவருடைய நிலை. ஃபோண்டாவின் நடிப்பு இந்தத் தெரியாமையின் மீதே கட்டப்பட்டுள்ளது. நீதிமன்றப் படங்களில் வழக்கமாகக் காணும் நீண்ட முழக்கம் இவருக்கு இல்லை. பெரும்பாலும் பிறர் பேசுவதைக் கேட்கிறார். தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி கேட்கிறார். கொலைக்கருவியைப் போன்ற கத்தி வேறெதுவும் இருக்க முடியாது என்று மற்றவர்கள் சாதிக்கும்போது, அதே போன்ற கத்தியை எடுத்து மேசை மீது குத்தி நிறுத்துகிறார். பக்கவாதத்தால் காலை இழுத்து நடக்கும் முதியவர் பதினைந்து நொடிகளில் கதவருகே வந்திருக்க முடியுமா என்று தாமே நடந்து பார்க்கிறார். நாற்பத்தொரு நொடிகள் ஆகின்றன. இறுதியில் தோற்றுப்போய் அழும் மூன்றாம் எண் ஜூரிக்கு (லீ ஜே. காப்) மேலங்கியை அணிவித்து விடுகிறார். வெற்றிக் களிப்பு எதுவும் அவர் முகத்தில் இல்லை.

தொழில்நுட்ப நோக்கிலும் இப்படம் கருதத்தக்கது. 96 நிமிடப் படத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்கள் தவிர மற்ற அனைத்தும் ஜூரியின் அறையிலும் அதை ஒட்டிய கழிவறையிலுமே நிகழ்கின்றன. ஒளிப்பதிவாளர் போரிஸ் காஃப்மன் படத்தின் முதற்பகுதியைக் கண்மட்டத்திற்கு மேலிருந்தும், நடுப்பகுதியைக் கண்மட்டத்திலும், இறுதிப்பகுதியைக் கீழிருந்தும் எடுத்தார். கூடவே வில்லைகளின் குவியத் தொலைவும் படிப்படியாகக் கூட்டப்பட்டது. இதனால் சுவர்கள் நெருங்கி வருவது போலவும், கூரை தாழ்ந்து அழுத்துவது போலவும் தோன்றுகிறது. காரணம் புலப்படாமலே பார்ப்பவருக்கு மூச்சு முட்டுகிறது.

செலவு சுமார் 3,40,000 டாலர் மட்டுமே. இரண்டு வார ஒத்திகைக்குப் பின் மூன்று வாரங்களுக்குள் படப்பிடிப்பு முடிந்தது. விளக்குகளை மாற்றும் நேரத்தை மிச்சப்படுத்த, ஒரு பக்கச் சுவரை நோக்கிய காட்சிகள் கதை வரிசையைப் பொருட்படுத்தாமல் ஒன்றாக எடுக்கப்பட்டன. ஆகவே கதையின் எந்தக் கட்டத்தில் எவ்வளவு சினம், எவ்வளவு களைப்பு என்பதை நடிகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

நியூயார்க்கின் மிகப்பெரிய கேப்பிடல் திரையரங்கில் வெளியிடப்பட்ட படம் விரைவில் எடுக்கப்பட்டது. இலாபம் வராததால், பின்னர் பெற்றுக்கொள்வதாக ஃபோண்டா ஒத்திவைத்திருந்த ஊதியம் அவருக்குக் கிடைக்கவேயில்லை. 1957 பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது கிடைத்தது. சிறந்த படம், இயக்கம், தழுவல் திரைக்கதை ஆகிய மூன்று ஆஸ்கார் பரிந்துரைகளும் தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய் படத்திடம் தோற்றன. ஃபோண்டாவின் நடிப்பு பரிந்துரைக்கப்படக்கூட இல்லை. பிரித்தானியத் திரைப்பட அகாதமி மட்டும் சிறந்த வெளிநாட்டு நடிகர் விருதை வழங்கியது.

சட்ட வல்லுநர்கள் இப்படத்தில் ஒரு குறையைச் சுட்டுவர். ஜூரி ஒருவர் தாமாகக் கடைக்குச் சென்று கத்தி வாங்கி வந்து சான்றாகக் காட்டுவது விதிமீறலாகும். 2009 இல் அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதியான சோனியா சோட்டோமேயர், சட்டத்துறையைத் தேர்ந்தெடுக்க இப்படம் தமக்குத் தூண்டுதலாக இருந்ததாகவும், கீழ்நிலை நீதிபதியாக இருந்தபோது இதைப் பின்பற்ற வேண்டாம் என ஜூரிகளை எச்சரித்ததாகவும் கூறியுள்ளார். 1986 இல் பாசு சாட்டர்ஜி இதனை ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா என்ற பெயரில் இந்தியில் எடுத்தார்.

குடும்பம்

ஃபோண்டா ஐந்து முறை திருமணம் செய்தவர். திரையில் பொறுமையின் உருவமாகத் தோன்றிய இவர் வீட்டில் நெருங்க முடியாத, எளிதில் சினங்கொள்ளும் தந்தையாக இருந்தார் என்பதைப் பிள்ளைகள் இருவரும் பதிவு செய்துள்ளனர். இரண்டாம் மனைவி பிரான்சிஸ் 1950 ஏப்ரலில் மனநல மருத்துவமனையில் தற்கொலை செய்துகொண்டார். அன்றிரவும் ஃபோண்டா நாடக மேடையேறினார். தாய் மாரடைப்பால் இறந்ததாகவே பிள்ளைகளிடம் கூறினார். பன்னிரண்டு வயது ஜேன் பின்னர் ஒரு சினிமா இதழின் வழியே உண்மையை அறிந்தார். உண்மையைத் துருவித் துருவிக் கேட்கும் மனிதராக ஃபோண்டா திரையில் தோன்றியது அதற்கு ஏழாண்டுகள் கழித்து.

இறுதிக் காலம்

1968 இல் ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட் படத்தில் ஈவிரக்கமற்ற கொலையாளியாக நடித்து இரசிகர்களை அதிர வைத்தார். 1974 இல் புகழ்பெற்ற வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோவாகத் தனிநபர் நாடகத்திலும், 1978 இல் உச்சநீதிமன்ற நீதிபதியாக மற்றொரு நாடகத்திலும் நடித்தார். மகள் ஜேனுடன் நடித்த ஆன் கோல்டன் பாண்ட் (1981) படத்திற்காகச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் விருதைத் தம் 76 ஆம் வயதில் பெற்றார். நோயுற்றிருந்ததால் 1982 மார்ச்சில் நடந்த விழாவில் மகளே விருதைப் பெற்றுக்கொண்டார். அவ்வாண்டு ஆகஸ்ட் 12 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இதய நோயால் ஃபோண்டா காலமானார்.

12 ஆங்ரி மென் 2007 இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஓமஹாவில் புதைக்கப்பட்ட வில் பிரவுனின் கல்லறை தொண்ணூறு ஆண்டுகள் அடையாளமின்றிக் கிடந்தது. ஃபோண்டாவைப் பற்றிய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் மூலம் அக்கொலையை அறிந்த கலிபோர்னியவாசி ஒருவர் 2009 இல் அங்கு பெயர் பொறித்த கல் ஒன்றை வைக்கச் செய்தார்.